அக்கா பேரில் பஸ் ஏறிய பெண்

ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவனுக்கு இரண்டு விதி. ஆள் ஏறுகிற பாயிண்ட்டில் எஞ்சினை ஆஃப் பண்ணக் கூடாது. ஒரு ஆளுக்காக வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. லாரியை விட்டு இந்த வேலைக்கு வந்த முதல் நாளே டிராவல்ஸ் மேனேஜர் எனக்கு இதைச் சொல்லிவிட்டார். "ஒருத்திக்காக நீ நின்னா பஸ்ஸு மொத்தத்துக்கும் லேட் பஞ்ச். அத்தினி பேரு திட்டும் உனுக்குத்தான்" என்றார். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கிற ஆள் நான். "இவரு தூங்கறப்பவும் கியர் போடறாரு" என்று என் மனைவி சொல்வாள்.

அந்த இரண்டு விதியையும் நான் உடைத்த கதை இது. புதிதாக ரூட் எடுக்கிற டிரைவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். அந்தப் பெண்ணின் ஊர், கம்பெனி, ஸ்டேஷன் எதன் பெயரையும் எழுத மாட்டேன். கேஸ் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவள் பெயரையும் அவள் வீட்டார் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

1. பாயிண்ட்டில் நின்ற அம்மா

என் ரூட் ஊத்துக்கோட்டையில் ஆரம்பம். வழியில் உள்ள கிராமங்களில் ஆள் ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பார்ட்ஸ் கம்பெனி கேட்டில் இறக்க வேண்டும். ஏறுவதெல்லாம் பெண்கள், எல்லாம் கான்ட்ராக்ட். அவர்களுடைய அப்பா அம்மா நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். இவர்கள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு லைனில் நின்று பிழைக்கிறார்கள். காலை ஷிஃப்ட்டுக்குப் பொழுது விடிகிறபோதே எடுத்துவிடுவேன். பாதிப் பேர் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கண்ணாடியில்தான் குழந்தைகள் உதவி எண் ஸ்டிக்கர் இருந்தது. யாரோ சேவை அமைப்புக்காரர்கள் வந்து ஒட்டி, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். எண்ணெய்த் தலை பட்டுப் பட்டு எழுத்தே மங்கிப்போயிருந்தது.

ஏரிக்கரை பாயிண்ட்டில் ஏறுகிறவள் அஞ்சலி. படியில் கால் வைக்கும்போதே பேச ஆரம்பித்து, கேட்டில் இறங்கும்வரை வாய் மூடாது. நான் திரும்பி முறைத்தால், "டிரைவர் மாமா ரோட்டைப் பாருங்க" என்பாள். ஒரு நாள் அவள் பாயிண்ட்டில் இல்லை. லீவு என்று நினைத்து நான் வண்டியை எடுத்துவிட்டேன். மறுநாள் அவள் நிற்க வேண்டிய இடத்தில் அவளுடைய அம்மா எல்லம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, நேத்து டபுள் ஷிஃப்ட்டா? பாப்பா இன்னும் ஊட்டுக்கு வரல" என்றாள்.

"நேத்து அவ வண்டியிலயே ஏறலியேம்மா."

அந்த அம்மா சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். "ஏறாம இன்னா, காலைல நாஷ்டா கட்டிக்கினுதான போச்சு" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வெளியாட்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். பெண் ஒரு ராத்திரி முழுக்க வீட்டுக்கு வரவில்லை, அம்மா தேடவில்லையா என்று கேட்பார்கள். எங்கள் பக்கம் டபுள் ஷிஃப்ட் என்றால் திடீரென்றுதான் போடுவார்கள். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பெண் வரவில்லை, போன் எடுக்கவில்லை என்றால் டபுள் பார்க்கிறாள் என்று அர்த்தம். பழக்கம் அப்படி ஆகிவிட்டது. அதிலேயே ஒரு நாள் முழுசாகப் போய்விட்டது.

நான் எஞ்சினை ஆஃப் பண்ணினேன். தூங்கிக்கொண்டிருந்த எல்லோரும் அந்த நிசப்தத்தில் விழித்துக்கொண்டார்கள். "இன்னாண்ணா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று ஜான்சி எழுந்து வந்தாள். ஜான்சி கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருப்பவள், ஊத்துக்கோட்டையில் முதல் ஆளாக ஏறுகிறவள். பஸ்ஸில் சண்டை வந்தாலும் சமாதானம் என்றாலும் அவள் குரல்தான் முதலில் கேட்கும். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"ஸ்கூட்டியில ஒரு பொம்பள வருவாண்ணா. ஒரு வாரமா இந்த பாயிண்ட்ல நின்னுகினு பேசிக்கினு இருந்தா. பியூட்டி பார்லர் ட்ரெய்னிங், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ, லைன்ல நின்னு கால் வீங்க வேணாம்னு சொன்னாளாம். அஞ்சலிதான் சிரிச்சிக்கினே சொல்லுச்சு. நாங்களும் சிரிச்சோம்."

எல்லம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

2. கேட்டில் கிடைத்த பதில்

பஸ்ஸை கேட்டில் விட்டுவிட்டு நானும் ஜான்சியும் மேன்பவர் சூப்பர்வைசரைப் பிடித்தோம். கான்ட்ராக்ட் ஆட்களை எடுப்பது, நிறுத்துவது எல்லாம் அவன் கையில். ஏரிக்கரைப் பெண்ணைக் காணவில்லை என்றோம்.

"ஏரிக்கரை சரண்யாவா? அது நின்னுட்டா. நேத்தே வேற ஆள் போட்டாச்சே."

'நின்னுட்டா.' சிப்காட்டில் இந்த ஒரு வார்த்தை போதும். கல்யாணம் ஆனாலும் நின்னுட்டா, காய்ச்சல் வந்தாலும் நின்னுட்டா, செத்துப்போனாலும் நின்னுட்டா. அதற்குமேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அடுத்த நாள் அதே மெஷினில் வேறு ஒருத்தி நிற்பாள்.

அவன் ஏன் சரண்யா என்றான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரண்யா, அஞ்சலியின் அக்கா. கடம்பத்தூரில் கட்டிக்கொடுத்து, கைக்குழந்தையோடு அங்கே இருக்கிறாள். கம்பெனியில் வேலைக்கு எடுப்பது பதினெட்டுக்கு மேல் இருபத்தைந்துக்குள். வயசு குறைந்தவள் அக்கா ஆதாரைக் கொண்டுவருவாள், வயசு தாண்டியவள் தங்கச்சி ஆதாரைக் கொண்டுவருவாள். சூப்பர்வைசருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் ஒரு பேர், கேட்டுக்குள் ஒரு பேர். சேர்ந்த புதிதில் கேட்டில் சரண்யா என்று கூப்பிட்டால் அஞ்சலி திரும்பவே மாட்டாள். "யார் கேட்டாலும் அக்கா பேரு, அக்கா வயசு, தூக்கத்துல கேட்டாலும்" என்று சூப்பர்வைசர் திட்டித் திட்டிப் பழக்கினான்.

அவளுக்குப் பதினைந்துகூட முடியவில்லை.

போலீசுக்குப் போகிறோம் என்றதும் அவன் எல்லம்மாவின் நம்பரை வாங்கி, எங்கள் எதிரிலேயே பேசினான். குரல் அவ்வளவு மரியாதை. "அம்மா, போங்க, தாராளமா கம்ப்ளைண்ட் குடுங்க. ஆனா கார்டு மாத்திக் குடுத்தது நீங்கதான. மொதல்ல உள்ள போறது நீயும் உன் பெரிய பொண்ணுந்தான். அத்த நெனச்சிக்கினு பேசு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். ஜான்சி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

3. மேஜர் பொண்ணு

டூட்டி முடித்து எல்லம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் புருஷன் ஆந்திரா பக்கம் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தார். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் அந்தப் பெண் எந்த ரோட்டில் எந்த வண்டியில் போய்க்கொண்டிருக்கிறாளோ என்று நினைக்க நினைக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஸ்டேஷன் ரைட்டர் கேட்டார், "பேரு?"

எல்லம்மா என்னைப் பார்த்தாள். "சரண்யா" என்றாள்.

"வயசு?"

"இருவது."

"சார், இல்ல சார், அது சின்னப் பொண்ணு சார்" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"நீ யாரு? பொண்ணுக்கு அப்பனா?"

"பஸ் டிரைவர் சார்."

"பெத்தவளே இருவதுன்றா. உனுக்கு இன்னா தெரியும்?" என்றார். எல்லம்மாவிடம், "மேஜர் பொண்ணும்மா. யார் கூடயாவது போயிருக்கும். நாலு நாள் பாரு, தானா போன் பண்ணும்" என்றார்.

அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? இருபது வயதுப் பெண் காலையில் நாஷ்டா கட்டிக்கொண்டு தானாகப் போயிருக்கிறாள் என்றால், சட்டப்படி அது வேறு. பதினைந்து வயதுப் பெண் என்றால் அது கடத்தல், அந்த நிமிஷமே எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். அம்மா வாயிலிருந்து வர வேண்டியது ஒரே ஒரு எண். அது வரவில்லை.

வெளியே வந்து கத்திவிட்டேன். "ஏம்மா, பொண்ணு வேணுமா, ஆதார் வேணுமா உனக்கு?"

"நைனா, சின்னவ போய்ட்டா. பெரியவளும் கைக்கொழந்தையோட ஜெயிலுக்குப் போகணுமா?" என்றாள்.

அன்று ரூட் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். வழக்கமாக அதில் வருவது பிரேக்டவுன், டிராஃபிக், சாமி படம். இப்போது ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். பாயிண்ட்டில் தினமும் யார் நிற்கிறார்கள் என்பது அந்த ரூட் டிரைவரைவிட யாருக்குத் தெரியும்? அதே ஸ்கூட்டி பொம்பளையைக் கவரைப்பேட்டை பக்கம் ஒருத்தர் பார்த்திருக்கிறார், பொன்னேரி ரூட்டில் ஒருத்தர் பார்த்திருக்கிறார். ஒருத்தருடைய பஸ்ஸில் முன்பக்கம் கேமரா உண்டு. அதில் ஸ்கூட்டி நம்பரோடு பதிவாகியிருந்தது. நம்பர் கையில் இருக்கிறது, ஆனால் போலீஸ் கணக்கில் எந்தக் குழந்தையும் காணாமல் போகவில்லை. அந்த வேதனையை எப்படி எழுதுவது?

4. ரூட் மாறிய காலை

மறுநாள் ஏரிக்கரை பாயிண்ட்டில் எல்லம்மா பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மகள் போகிற பஸ் என்று ஏறியிருப்பாள். கொஞ்ச தூரம் போனதும் ஜான்சி என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, வண்டிய ஸ்டேஷனுக்கு வுடு."

ஸ்டாஃப் பஸ்ஸை ரூட் மாற்றி ஓட்டினால் டிரைவர் கதை முடிந்தது. லைன் நின்றுபோகும், கம்பெனி டிராவல்ஸைப் பிடிக்கும், டிராவல்ஸ் என்னைப் பிடிக்கும். வண்டியை ஓரம் கட்டினேன். "எல்லாருக்கும் சம்மதமான்னு கேளு" என்றேன்.

பஸ்ஸில் ஒரே கூச்சல். "நம்ம கார்டும் மாட்டிக்கும்டி" என்றாள் ஒருத்தி. "இதே உன் தங்கச்சின்னா?" என்றாள் இன்னொருத்தி. நாலைந்து பேர் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலை போனால் அடுப்பு எரியாத வீடுகள் அவை. மற்றவர்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

பஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று யூனிஃபார்மோடு அத்தனை பெண்கள் இறங்கியதும், உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார். "இன்னாம்மா இது, கம்பெனி ஸ்ட்ரைக்கா? அத்த இங்க ஏன் கொண்டாந்தீங்க?"

ஜான்சி நேராக அவர் முன்னால் போய் நின்றாள். "சார், என்னப் பாத்தா இன்னா வயசு சொல்லுவீங்க?"

அவர் திகைத்துவிட்டார்.

ஜான்சி கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டைக் கழற்றி நீட்டினாள். "இதுல இருவத்தி நாலு போட்டுகீது. எனக்கு முப்பத்தாறு. என் பையன் பத்தாவது படிக்கிறான். இது எங்க சின்னம்மா பொண்ணு பேரு. என் பேரு ஜான்சி. கேஸ் போடறதுன்னா மொதல்ல என் மேல போடுங்க சார். ஆனா இந்தம்மா பொண்ணு பேரு சரண்யா இல்ல."

அதற்குப் பின்னால் இன்னொருத்தி, "நானு எங்க நாத்தனார் கார்டு சார்" என்றாள். ஒருத்தி "நானு ஓப்பிடியா கார்டு, எங்க கொழுந்தன் பொண்டாட்டிது" என்றாள். இன்னும் இரண்டு பேர் கார்டைக் கழற்றினார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் தூக்கி, "போதும் போதும், பேஜாரு பண்ணாதீங்க. உங்க கார்டுக் கதைய நான் கேக்கல, நீங்களும் சொல்லல" என்றார். அந்த நேரத்திலும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பிறகு அவர் எல்லம்மாவின் பக்கம் திரும்பினார். எல்லோரும் அவளையே பார்த்தோம். அவள் ஜான்சியைப் பார்த்தாள், அவள் கையில் கழற்றி வைத்திருந்த கார்டைப் பார்த்தாள்.

"சார், அவ பேரு அஞ்சலி" என்றாள். "வர்ற தைக்குத்தான் பதினஞ்சு முடியுது. படிக்கிறேன்னு அழுதுச்சு. நாந்தான் அக்கா கார்டக் குடுத்து அனுப்பிச்சேன். என் பொண்ணக் கொண்டாந்து குடுத்துட்டு என்ன உள்ள போடுங்க சார்."

இன்ஸ்பெக்டர் உள்ளே போய்ப் போனை எடுத்தார். திருவள்ளூரிலிருந்து ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவு மேடம் வந்து சேர்ந்தபோது எஃப்.ஐ.ஆர். தயாராக இருந்தது. நான் ஸ்கூட்டி வீடியோவைக் காட்டினேன். மேடம் அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அவசரத்தில் அதை முதலில் என் மச்சானுக்கு அனுப்பிவிட்டேன்.

5. கதவைத் திறந்தபோது

ஸ்கூட்டி நம்பரை வைத்துத் தேடி, சென்னைக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் அஞ்சலியைக் கண்டுபிடித்தார்கள். கூட இன்னும் இரண்டு பெண்கள், அவர்களும் இவள் வயதுதான். பார்லரும் இல்லை, ட்ரெய்னிங்கும் இல்லை. மூன்று பேரையும் உடம்பு வியாபாரத்துக்கு வேறு மாநிலத்துக்கு அனுப்ப டிக்கெட் வரை போட்டு வைத்திருந்தார்கள். ஸ்கூட்டி பொம்பளை அங்கேயே மாட்டினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவனைப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது.

அதற்கு அப்புறம் நடந்ததில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எல்லம்மாவையும் சரண்யாவையும் யாரும் ஜெயிலில் போடவில்லை. குழந்தைகள் நலக்குழுவில் இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசி அனுப்பினார்கள். சின்னப் பெண்ணை வேலைக்கு எடுத்ததற்காக மேன்பவர் கான்ட்ராக்ட்காரன்மீது கேஸ் ஆனது. அஞ்சலி கொஞ்ச காலம் காப்பகத்தில் இருந்து, இப்போது படிக்கிறாள். முன்போல வாயாடுவதில்லை. என்னை ரூட்டிலிருந்து எடுத்து ஸ்பேர் வண்டியில் போட்டார்கள். ஜான்சியின் வேலை அந்த வாரமே போய்விட்டது. யாரும் அவளை "ஏன் ஸ்டேஷனுக்குப் போனாய்" என்றுகூடக் கேட்கவில்லை, கேட்டில் பேர் இல்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் என்ன செய்தாள் தெரியுமா? வேலை இல்லாவிட்டாலும் தன் பாயிண்ட்டுக்கு வந்து நின்றாள். யார் வரவில்லை என்று பார்த்து, அவர்கள் வீட்டுக்கு நடந்தே போய் விசாரித்துவிட்டு வந்தாள். அவளைப் பார்த்து ஒவ்வொரு பாயிண்ட்டிலும் ஒருத்தி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பாயிண்ட் அக்கா என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. ஜான்சி இப்போது சொந்தப் பேரில், சொந்த வயதில் ஒரு ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறாள்.

என்னைத் தூங்கவிடாத விஷயத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

சாட்சி சொல்லத் திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தவனை அந்த மேடம்தான் பிடித்து உட்கார வைத்தார். பேச்சுவாக்கில் அந்த வீட்டுக் கதவைத் திறந்த நிமிஷத்தைச் சொன்னார்.

"உள்ள போனதும் அந்தப் பொண்ணு கிட்டதான் மொதல்ல பேரு கேட்டேன். சரண்யான்னுச்சு. வயசு கேட்டேன். இருபதுன்னுச்சு, ஒரு தடுமாத்தம் இல்ல. இஷ்டப்பட்டுத்தான் வந்தியான்னேன். ஆமான்னு தலையாட்டுச்சு. அந்தப் பொம்பள பக்கத்துல நின்னு சிரிக்கிறா, பாத்தீங்களா மேடம்னு."

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அந்தப் பொம்பளைகிட்ட அப்புறம் கேட்டேன்," என்றார் மேடம். "எத்தனையோ பொண்ணுங்க பாயிண்ட்ல நிக்கிறாங்க, எப்படிப் பொறுக்கி எடுத்தேன்னு. பஸ்ல ஒரு பேரு, கார்டுல ஒரு பேரு இருக்கிற பொண்ணா பாத்துதான் எடுப்பேன்னா. போலீஸ் வந்தா இன்னா சொல்லணும்னு தனியா சொல்லித் தர வேணாம், ஏற்கெனவே யாரோ சொல்லிக் குடுத்திருப்பாங்கன்னா."

"அப்புறம் எப்படி மேடம் கூட்டி வந்தீங்க?"

"அம்மா உண்மைப் பேரைச் சொல்லியிருந்தாங்களே. அஞ்சலின்னு கூப்பிட்டேன். சட்டுனு திரும்பி, எங்கம்மா வந்துச்சான்னு கேட்டுச்சு."

புதிதாக ரூட் எடுக்கிற தம்பிகளே, பாயிண்ட்டில் ஏறுகிற ஒவ்வொருத்தியையும் அம்மா அப்பா வைத்த பேரைக் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்கள். வயசு பத்தாத பிள்ளை என்று தெரிந்தால் ஏற்றாதீர்கள், கூடவே போய் வீட்டில் பேசுங்கள். ஒருத்தி வரவில்லை என்றால் நின்னுட்டா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டு, எங்கே என்று கேளுங்கள். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பான், அடிக்கட்டும்.